சிவப்புப் பேனாவை மூடி வைத்திருக்கிறேன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஒரு பயிற்சித்தாள் பாக்கி இருந்தது, அதை முடிக்காமல் வேறு எதிலும் மனம் செல்லவில்லை. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக எழுதியிருந்தாய். நிம்மதியாக இருந்தது. மருத்துவர் சொன்ன நாள்வரை கண்ணை வருத்தாதே. இந்தக் கடிதம் நீளமாகத்தான் போகும், பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்.

"இந்த வயதில் மொழியியல் படித்து என்ன செய்யப்போகிறாய்? நமக்குத் தெரியாத தமிழா?" என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்திய நீ கேட்பது நியாயம்தான். அதே காலமெல்லாம் மற்றவர்கள் எழுதியதில் ஒற்றுப் பிழை பார்த்தவள் நான். சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பும்போது எனக்கும் அதே நினைப்புதான். அது முதல் வகுப்போடு போய்விட்டது.

சொல்கிறேன் கேள். ஆசிரியைக்கு நம் பெண்களின் வயதுகூட இருக்காது. வந்ததும் பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார்: "நேத்து அவன் வந்தான்னு சொன்னாங்க." இதைப் பற்றி என்ன சொல்லலாம் என்று கேட்டார். என் கை முதலில் உயர்ந்தது. மூன்று பிழை என்றேன். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. "சரி. பிழை போக, இதில் என்னென்ன இருக்கிறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இல்லாததைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம், இருப்பதைச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பையன், "நேத்து என்பது வந்ததற்கா, சொன்னதற்கா என்று தெரியவில்லை மேடம்" என்றான். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

முதலில் ஒலிகள். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு "பக்கம்" என்று சொல். பிறகு "தங்கம்", பிறகு "அகம்". பக்கத்தில் அந்தக் "க்க" வரும்போது விரலுக்கடியில் அதிர்வு நின்றுபோகும். தங்கத்தில் நிற்காது. அகத்தில் நாக்கு மேலே முழுவதுமாக ஒட்டுவதே இல்லை, காற்று உரசிக்கொண்டு போய்விடுகிறது. மூன்றும் மூன்று ஒலி. நாம் எழுதுவது ஒரே எழுத்து. வாழ்நாளெல்லாம் "க" என்பது ஒரு சத்தம் என்றே நினைத்திருந்தேன்.

ஏன் ஒரே எழுத்து போதுமாக இருக்கிறது என்பதில்தான் அழகு. இரட்டித்து வந்தால் ஒரு மாதிரி, மெல்லினத்துக்குப் பின் வந்தால் ஒரு மாதிரி, இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் ஒரு மாதிரி. இடத்தைப் பார்த்தாலே எது வரும் என்று தெரிந்துவிடுகிறது, அதனால் பொருள் குழம்புவதில்லை. அடியில் இருக்கும் அந்த ஒன்றை ஒலியன் என்கிறார்கள், இடத்துக்கு இடம் அது எடுக்கும் வடிவங்களை மாற்றொலிகள் என்கிறார்கள். "கல்", "கள்" இரண்டிலும் கடைசி ஒலி மாறினால் பொருளே மாறிவிடுகிறது. ஆகவே ல வேறு ஒலியன், ள வேறு ஒலியன். நம் எழுத்துமுறையை வகுத்தவர்கள் சத்தங்களை எண்ணவில்லை, வேறுபாடுகளை எண்ணியிருக்கிறார்கள். இந்தக் கணக்குக் குலைவது கடன் சொற்களில்தான். "பாவம்" என்று எழுதினால் புண்ணியத்துக்கு எதிரானதா, முகத்தில் காட்டுவதா? வாயில் இரண்டும் வேறு, தாளில் ஒன்று.

அடுத்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். "உந்தி முதலா முந்துவளி தோன்றி" என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலை நாம் இருவரும் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எத்தனை தரம் ஒப்பித்திருப்போம்! ஒரு தரமாவது நாக்கை அந்தந்த இடத்தில் வைத்துப் பார்த்தோமா? போன மாதம் ஒரு இரவு கண்ணாடி முன் உட்கார்ந்து வைத்துப் பார்த்தேன். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம என்று சொல்லிக்கொண்டே போனால் சத்தம் தொண்டைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, அண்ணம், பல் என்று நடந்து, உதட்டில் வந்து நிற்கிறது. ஐந்து வயதில் கற்ற வரிசை வாயின் வரைபடம் என்று அறுபது தாண்டித் தெரிந்துகொள்கிறேன். ஒவ்வொரு வல்லினத்துக்கும் பக்கத்தில் அதே இடத்தில் பிறக்கும் மெல்லினம். தங்கம், பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு எல்லாம் ஏன் அப்படியே வருகின்றன என்பதும் அதோடு விளங்கிவிட்டது. வல்லினம் எந்த இடமோ, முன்னால் வரும் மெல்லினமும் அங்கேயே போய் நிற்கிறது. 1886-இல் பாரிசில் தொடங்கிய பன்னாட்டு ஒலியியல் கழகத்தின் அட்டவணையிலும் இதே கணக்குதான். என்ன, அவர்கள் உதட்டில் தொடங்கித் தொண்டைக்குப் போகிறார்கள். நாம் எதிர்த்திசையில்.

இதில் பெருமை பாடிவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் எனக்கு ஒரு அடியும் விழுந்தது. "பழம்" என்பதைப் "பளம்" என்பவர்களை நாம் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! நாக்குச் சோம்பல் என்றே நீ வகுப்பில் சொல்வாய். ஆசிரியை என்னைப் பார்த்து, "அரை, அறை இரண்டையும் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். வகுப்பில் ஒருவருக்கும் எது எது என்று தெரியவில்லை. இன்னொரு முறை கவனமாகச் சொன்னேன், அப்போதும் தெரியவில்லை. நம்மில் மிகப் பலருக்குப் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றாகிவிட்டன. எழுத்தில் வைத்திருக்கிறோம், வாயில் தொலைத்துவிட்டோம். அவர்கள் தொலைத்தது ழ, நாம் தொலைத்தது ற. நம்முடையது பலருக்கும் பொதுவாகத் தொலைந்ததால் யாரும் கேலி செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ந, ன விஷயமும் அப்படியே. "அநாதை"யா "அனாதை"யா என்று எத்தனை ஆசிரியர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். காதில் இரண்டும் ஒன்று. சண்டை முழுக்கக் கண்ணுக்காக.

இழந்ததை மட்டும் சொல்லிவிட்டு விடக்கூடாது, பேச்சு புதிதாகச் சம்பாதித்திருப்பதும் உண்டு. "அவன் வந்தான்", "அவள் வந்தாள்" இரண்டையும் வீட்டில் பேசுகிற மாதிரி வேகமாகச் சொல்லிப் பார். கடைசியில் ன் என்ற மெய்யும் வராது, ள் என்ற மெய்யும் வராது. "வந்தா" என்றுதான் இரண்டும் முடிகின்றன. ஆனால் ஆணா பெண்ணா என்று நமக்குச் சந்தேகமே வருவதில்லை. ஏன்? அவன் வந்ததைச் சொல்லும்போது அந்த ஆகாரம் மூக்கு வழியாகப் போகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தால் தெரியும். நம் பன்னிரண்டு உயிரெழுத்தில் மூக்கொலி உயிர் என்று ஒன்று கிடையாது. பேச்சில் இருக்கிறது, ஆணையும் பெண்ணையும் பிரித்துக் காட்டுகிற அளவுக்குப் பொறுப்பான வேலையும் பார்க்கிறது. இத்தனை வருடம் பேசியும் கேட்டும் இருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் யார் பேசினாலும் அவர்கள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆயிற்று என்று மகன் கேட்டான்.

சொல்லமைப்புப் பாடத்தில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் பிரித்துவைத்ததைக் கரைத்துக் குடித்தவர்கள் நாம். பெயர்தான் உருபன் என்று மாறியிருக்கிறது. ஆனால் அங்கேயும் என் பேரன் ஒரு பாடம் நடத்தினான். மூன்று வயது. "நானுக்கு வேணும்" என்கிறான். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவன் எங்கிருந்து பிடித்தான்? எங்கிருந்தும் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அக்காவுக்கு என்று கேட்டு, பெயரோடு "க்கு" சேர்ப்பது என்ற விதியைத் தானே கண்டுபிடித்து "நான்" மேலும் ஏற்றிவிட்டான். பழைய நானாக இருந்தால் உடனே "எனக்கு" என்று திருத்தியிருப்பேன். இப்போது நோட்டில் குறித்து வைத்துக்கொண்டேன்.

1958-இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், இல்லாத ஒரு பிராணியைப் படம் வரைந்து, அதற்கு இல்லாத ஒரு பெயரும் வைத்துக் குழந்தைகளிடம் காட்டினார். கேட்டே இராத அந்தச் சொல்லுக்கும் அவர்கள் சரியாகப் பன்மை விகுதி சேர்த்தார்கள். நானும் செய்து பார்த்தேன். நாலு கால், ஒரு கொம்பு வரைந்து "இது தூடு" என்றேன். "இந்தப் புல் யாருக்கு?" சின்னவன் "தூடுக்கு" என்றான். ஏழு வயது அக்கா உடனே, "தூட்டுக்குடா!" என்று அதட்டினாள். ஆட்டுக்கு, மாட்டுக்கு என்பதுபோல் டகரத்தை இரட்டிக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? உலகத்திலேயே அன்றுதான் பிறந்த சொல் அது! நெடில் தொடர்க் குற்றியலுகரத்தை நீ எட்டாம் வகுப்பில் எத்தனை நாள் நடத்துவாய்? அவள் இன்னும் மூன்றாம் வகுப்புக்கூட முடிக்கவில்லை.

வாக்கியம் அமையும் விதத்தைப் பார்க்கும் தொடரியல்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது, அதனாலேயே பிடித்தும்போயிற்று. "நேற்று வந்த தம்பியின் நண்பன்" என்று எழுதிப் பார். நேற்று வந்தது யார், தம்பியா நண்பனா? சொற்கள் அதே, வரிசை அதே, பொருள் இரண்டு. அப்படியானால் வாக்கியம் என்பது மணிகளைக் கோத்த மாலை இல்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் யாரோடு யார் முதலில் சேர்ந்தார்கள் என்ற ஏற்பாடு இருக்கிறது. "நேற்று வந்த" முதலில் "தம்பி"யோடு சேர்ந்தால் ஒரு பொருள். "தம்பியின் நண்பன்" முதலில் சேர்ந்து, அதன்மேல் "நேற்று வந்த" ஏறினால் இன்னொன்று. கிளை கிளையாக மரப்படம் போட்டால் இரண்டும் பளிச்சென்று தெரிகின்றன. பார்க்கிற வாக்கியத்துக்கெல்லாம் பத்திரிகை ஓரத்தில் மரம் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுப் பத்திரிகையை வேறு யாரும் படிக்க முடிவதில்லை என்று புகார்.

"முக்கோணமான ஞாயிற்றுக்கிழமை மெல்லத் தும்மியது." இது நான் வீட்டுப் பாடத்துக்கு எழுதிய வாக்கியம். அர்த்தம் ஒன்றும் இல்லை, ஆனாலும் தமிழ்தான் என்று காது ஒத்துக்கொள்கிறது. அதையே "தும்மியது மெல்ல முக்கோணமான" என்று பாதியில் நிறுத்திவிட்டால் ஒத்துக்கொள்வதில்லை. வாக்கியம் இலக்கணத்துக்கு உட்படுவது வேறு, பொருள் தருவது வேறு என்று மொழியியல் அறிஞர் சோம்ஸ்கி 1957-இல் இப்படியொரு வாக்கியத்தை வைத்துத்தான் காட்டினார். அவருடைய கோட்பாடு முழுவதும் எனக்குச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன், பிறவியிலேயே இலக்கணம் மூளையில் இருக்கிறது என்கிற இடத்தில் தயங்குகிறேன். தூட்டுக்குச் சம்பவத்துக்குப் பிறகு தயக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கிரீன்பெர்க் என்பவர் செய்த வேலை எனக்கு அதைவிட நெருக்கம். 1963-இல் வெளியான கட்டுரையில் முப்பது மொழிகளை அருகருகே வைத்துப் பார்த்து, மொழிகளுக்குப் பொதுவான 45 போக்குகளை எழுதினார். வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் பெரும்பாலும் "உள்", "மேல்" போன்ற சொற்களையும் பெயருக்குப் பின்னால்தான் வைக்கின்றன என்பது அவற்றில் ஒன்று. நம்முடையது அப்படித்தானே? வினை கடைசியில், "வீட்டுக்குள்" என்பதில் "உள்" பின்னால். நமக்குச் சம்பந்தமே இல்லாத ஜப்பானியத்திலும் துருக்கியிலும் அப்படியே. ஒரு சாவியைத் திருப்பினால் நாலைந்து பூட்டும் சேர்ந்து திறக்கிற மாதிரி. தமிழுக்கே உரிய தனித்தன்மை என்று நான் எழுதியும் பிறர் எழுதியதைத் திருத்தியும் வந்த பல, தமிழுக்கு மட்டும் உரியவை அல்ல. முதலில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பிறகு தூரத்து உறவினர்களைக் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டது.

இப்போது உனக்கு ஒரு கேள்வி, இலக்கண ஆசிரியை என்ற முறையில். "எனக்குப் பசிக்கிறது." எழுவாய் எது? நீ "தோன்றா எழுவாய்" என்பாய், நானும் அதையே சொன்னேன். அப்படியானால் பசிப்பது எது, பசியா? ஆசிரியை ஒரு சோதனை காட்டினார். "தன்" என்ற சொல் பொதுவாக எழுவாயைத்தான் தேடிப் போகும். "குமார் கண்ணனைத் தன் வீட்டில் பார்த்தான்" என்றால் வீடு குமாருடையது, கண்ணனுடையது அல்ல. சரி, "குமாருக்குத் தன் பெயரே மறந்துவிட்டது" என்பதில் "தன்" யாரிடம் போகிறது? நான்காம் வேற்றுமையில் நிற்கும் குமாரிடம்! உருபைப் பார்த்தால் எழுவாய் இல்லை, நடத்தையைப் பார்த்தால் எழுவாய். பசி, தெரிதல், பிடித்தல், மறதி என்று நாம் செய்யாமல் நமக்கு நேர்கிற பலவற்றையும் தமிழ் இப்படித்தான் சொல்கிறது. இதற்குப் பதில் யோசித்து எழுது. நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

சொல்லும் வாக்கியமும் எப்படிப் பொருள் தருகின்றன என்று பார்க்கும் பொருண்மையியலை ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான பிணைப்பு இல்லை, அது இடுகுறி என்பதை அடித்தளமாக வைத்தவர் மொழியியல் அறிஞர் சசூர். 1913-இல் அவர் இறந்த பிறகு, அவர் நடத்திய பாடங்களை மாணவர் குறிப்புகளிலிருந்து தொகுத்து 1916-இல் வெளியிட்டார்கள். பாடம் நடக்கும்போது எனக்கு மனசில் "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்ற தொல்காப்பிய வரி ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து சொல்லியும்விட்டேன். ஆசிரியை மகிழ்ந்தார், ஆனால் விடவில்லை. "உங்கள் உரையாசிரியர் என்ன சொல்கிறார்? காரணம் இல்லை என்கிறாரா, உடனே புலப்படாது என்கிறாரா?" வீட்டுக்கு வந்து சேனாவரையரைப் புரட்டினேன். காரணம் இல்லாமல் இல்லை, எல்லாருக்கும் விளங்கத் தோன்றாது என்பதுதான் அங்கே இருக்கிறது. சசூர் சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி "நம்மவர் அன்றே சொன்னார்" என்று எழுதப்பட்ட எத்தனை கட்டுரைகளுக்கு நான் ஒற்றுப் போட்டுக் கொடுத்திருக்கிறேனோ!

எனக்கு மிகப் பிடித்த சின்ன உருபு "ஆம்". "மழை வருமாம்." நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், பொய்யானால் என்னைக் கேட்காதே என்ற மூன்றையும் ஒரே அசையில் அடக்கிவிடுகிறோம். துருக்கி மொழியிலும் இதற்கென்று ஒரு விகுதி உண்டு என்று படித்தபோது தூரத்து உறவில் இன்னொருத்தி கிடைத்தாள். "அவளுக்குக் கோபமாம்" என்று உன்னைப் பற்றி எனக்குச் சொல்லியனுப்பினார்களே, அந்த "ஆம்" நினைவிருக்கிறதா?

அதற்குத்தான் வருகிறேன். பழைய மாணவிகள் சந்திப்பு நடந்த நாளில் நீ தொலைபேசியில், "எல்லாரும் வரல" என்றாய். ஒருத்தியும் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு நான் கிளம்பாமல் இருந்துவிட்டேன். நீயோ, சிலர்தான் வரவில்லை, நீயாவது சீக்கிரம் வா என்ற பொருளில் சொல்லியிருக்கிறாய். ஆறு மாதம் பேசாமல் இருந்தோம். போன வாரம் எதிர்மறையின் எல்லை என்று ஒரு பாடம். "எல்லாரும்" என்பதற்குள் "இல்லை" அடங்கினால் ஒருவரும் இல்லை, "இல்லை" என்பதற்குள் "எல்லாரும்" அடங்கினால் சிலர் மட்டும் இல்லை. எடுத்துக்காட்டாகப் பலகையில் ஆசிரியை எழுதியது என்ன தெரியுமா? "எல்லாரும் வரவில்லை." எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்துப் பையன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான்.

இதை அடுத்த பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். பத்துப் பேரிடமாவது கேட்க வேண்டும், முதல் ஆள் நீ. "எல்லாரும் வரல" என்று திடீரென்று கேட்டால் எது முதலில் தோன்றுகிறது? "எல்லாரும்" மேல் அழுத்தம் கொடுத்தால் மாறுகிறதா? பேத்தியிடமும் கேள், ஆனால் நீ என்ன நினைக்கிறாய் என்று அவளுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாதே. பதிலை இலக்கணமாக எழுதாதே, வாயில் வருகிறபடியே எழுது. ஒற்று விட்டுப்போனாலும் தொடமாட்டேன்.

கண் சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்.

உன் தோழி